வார நாட்களின் பகல்

2022 ஜூன் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் இறுதிப் பருவத்தின் கடைசித் தேர்வை எழுதி முடித்து, திருச்சியில் நான்கு ஆண்டுகள் தங்கியிருந்த விடுதி அறையைக் காலி செய்துவிட்டு, ஓர் இரும்புப் பெட்டியும் இரண்டு பைகளும் ஒரு வாளியுமாகத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் வந்து இறங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் வளாக நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்து, ஆகஸ்டு மாதம் வேலையில் சேரலாம் என்று ஆஃபர் லெட்டரும் கொடுத்திருந்தது. ஆகவே எனக்கு இரண்டு மாத விடுமுறை என்றுதான் நானும் வீட்டாரும் கணக்குப் போட்டிருந்தோம். உண்மையில் நான் வேலையில் சேர்ந்தது 2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த அடுத்த வாரத்தில். இடைப்பட்ட ஏழு மாதங்களில் முதல் ஆறு வாரங்களை நான் எப்படி இழந்தேன் என்பதையும், மீதியை எதற்குச் செலவிட்டேன் என்பதையும், இப்போது அதே நிலையில் காத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாகவே, மே 24-ஆம் தேதி திறக்கப்பட்டிருந்தது. நான் ஊருக்கு வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா குறுவை நெல்லுக்கு நாற்றுவிட்டு, நடவுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை பத்து மணிக்கு எழுந்தேன். எழுந்தவுடன் கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்து, நிறுவனத்திடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாருக்குத் தேதி வந்தது, யாருக்கு வரவில்லை என்ற பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படித்துப் படித்தே நண்பகல் ஆகிவிடும். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. "நாலு வருஷம் படிச்ச புள்ள, தூங்கட்டும்" என்று அப்பாவைப் பெற்ற அப்பாயி அம்மாவின் வாயை அடைத்துவிட்டார். நடவு நடந்த இரண்டு நாட்களிலும் வயலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனதைத் தவிர நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. ஓய்வு தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அதன்பிறகு நான் செய்துகொண்டிருந்தது ஓய்வு இல்லை, காத்திருப்பு. காத்திருப்பவருக்கு எந்த வேலையிலும் கை ஓடாது. எதைத் தொடங்கினாலும், அடுத்த வாரம் அழைத்துவிட்டால் பாதியில் நின்றுவிடுமே என்று தோன்றும். ஒரே ஒரு வாரம் தள்ளிப்போடுகிறோம் என்ற எண்ணத்திலேயே ஆறு வாரங்கள் போய்விட்டன.

ஜூலை இறுதியில் வந்த மின்னஞ்சல், சேரும் தேதி தள்ளிவைக்கப்படுவதாகவும் புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றும் சொன்னது. அந்த ஆண்டு என்னைப் போலப் பலருக்கு இப்படி நேர்ந்தது. அந்தப் பதற்றத்தில், மூன்று மாதத்தில் வேலைக்கு உறுதியளிப்பதாகச் சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் 15,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். குறுவையின் உரச் செலவுக்காக அப்பா வைத்திருந்த பணம் அது. அவர்கள் நடத்திய இணைய வகுப்பில் கல்லூரியில் படித்ததைவிடப் புதிதாக எதுவும் இல்லை. இரண்டாவது வாரத்திலேயே அது தெரிந்துவிட்டது, பணம் மட்டும் திரும்பி வரவில்லை. பின்னர் நான் வேலையில் சேர்ந்தபோது, நிறுவனமே தனக்குத் தேவையானதை முதல் மூன்று மாதங்கள் சம்பளத்தோடு கற்றுக்கொடுத்தது. சேரும் தேதி தள்ளிப்போன ஒருவருக்குப் பயத்தில் பணம் கட்டத் தோன்றும். அந்த வாரத்தில் எங்கும் பணம் கட்டாமல் இருப்பதே நல்லது. முன்பணம் கட்டினால் உடனே வேலை என்று தொலைபேசியில் அழைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வேலை தருகிறவர் எவரும் அதற்காகப் பணம் கேட்பதில்லை.

ஆகஸ்டு 3, புதன்கிழமை, ஆடிப்பெருக்கு. காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. அன்று காலை சென்னையிலிருந்து பெரியம்மா மகன் வந்திருந்தார். எனக்கு ஏழு வயது மூத்தவர், நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்ப்பவர். ஆற்றங்கரையில் மாவிளக்குப் போட்டுக் காதோலை கருகமணி விட அவர் வரவில்லை. வங்கியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் ஒரு நாள் விடுப்பு எடுத்து, இரவு முழுவதும் பேருந்தில் வந்திருந்தார். கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டிய அலுவலர் அன்று வரவில்லை. மாலை திண்ணையில் உட்கார்ந்து, எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவரிடம் நான் என் காத்திருப்பைப் பற்றிப் புலம்பினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீ வேலைக்குப் போனா உனக்கு நேரமே இருக்காதுன்னு நெனைக்காதே தங்கச்சி. ராத்திரி இருக்கும், ஞாயித்துக்கிழமை இருக்கும். புதன்கிழமை பதினொரு மணி மட்டும் இருக்காது. இந்த நாட்டுல எல்லா வேலையும் புதன்கிழமை பதினொரு மணிக்குத்தான் நடக்குது."

அவர் சொன்னதை நான் அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கும் வேலைக்கும் இடையில் கிடைப்பது வெறும் ஓய்வு நேரம் என்று நாம் நினைக்கிறோம். அதனால்தான் புத்தகம் படிப்பது, இணையத்தில் பாடம் கற்பது, படம் பார்ப்பது என்று எந்த நேரத்திலும் செய்யக்கூடியவற்றை அதில் நிரப்புகிறோம். உண்மையில் அப்போது நம்மிடம் இருக்கும் அரிய பொருள் திங்கள் முதல் வெள்ளி வரையிலான பகல்தான். வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், நெல் கொள்முதல் நிலையம், பள்ளிக்கூடம் ஆகிய எல்லாமே அந்தப் பகலில்தான் திறந்திருக்கின்றன. வயலில் வேலை நடப்பதும், அப்பாயி விழித்திருந்து பேசுவதும் அந்தப் பகலில்தான். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, எங்கள் வீட்டில் வார நாளின் பகல் தேவைப்படுகிற வேலைகள் என்னென்ன என்று அம்மாவையும் அப்பாவையும் அப்பாயியையும் கேட்டு எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. அதில் என் வேலைகள் பாதிகூட இல்லை.

முதலில் என் பெயர். தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருக்குத் தலைப்பெழுத்து எத்தனை தொல்லை தரும் என்பது பணியில் சேரும்போதுதான் தெரிகிறது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது. ஆதாரில் தலைப்பெழுத்தே இல்லை. வங்கிக் கணக்கில் பெயருக்கு முன்னால் இருந்தது. பான் அட்டையில் தலைப்பெழுத்தை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பாவின் பெயர் முழுவதும் விரிந்து, குடும்பப் பெயர் போல உட்கார்ந்திருந்தது. நமக்கு இவை எல்லாம் ஒரே பெயர். ஆவணங்களைச் சரிபார்க்கும் வெளி நிறுவனத்துக்கு அவை நான்கு பேர். நிறுவனம் அனுப்பிய படிவத்தில், எல்லாச் சான்றுகளிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று எழுதியிருந்தது.

இதில் வரிசை முக்கியம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவது கடினம் என்பதால் அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, முதலில் ஆதாரைச் சரி செய்தேன். அதற்கு ஆதார் மையத்தில் அப்போது 50 ரூபாய்தான் கட்டணம். ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரைத் திருத்த முடியும் என்பதால், ஒரு தாளில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு போய், திரையில் தட்டச்சு செய்யப்பட்டதை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொண்டேன். ஆதார் திருந்திய பிறகு வங்கிக் கணக்கு, அதன்பிறகு பாஸ்போர்ட். 1,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, தஞ்சாவூர் சேவை மையத்தில் கொடுத்த நேரத்துக்குப் போனேன். காவல்துறைச் சரிபார்ப்புக்கு வந்தவர் கேட்டபோது நான் வீட்டில் இருந்தேன். வேலைக்குச் சென்னை போன பிறகு விண்ணப்பித்த என் தோழி ஒருத்தி, எந்த முகவரியைக் கொடுப்பது என்பதிலேயே இரண்டு மாதம் அலைந்தாள். முழுப் பணியும் முடிய எனக்கு ஒன்பது வாரங்கள் ஆயின. நிறுவனம் திடீரென்று அழைத்து, பத்து நாளில் எல்லாச் சான்றும் வேண்டும் என்று கேட்டபோது, என்னோடு தேர்வானவர்களில் பலர் ஓடிக்கொண்டிருக்க, நான் ஒரு கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பதிவேற்றினேன்.

அந்த வாரங்களில் நான் தனியாக வங்கிக்குப் போய்க் கேட்ட ஒன்று கல்விக் கடன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கிப் படித்தேன். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வட்டி நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று இருப்பதையும், அதற்கு வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். எங்கள் கோப்பில் அந்தச் சான்றிதழ் இல்லை. இது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய தொகை. இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. இப்போது கல்லூரியில் சேரும் தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். நான் செய்ய முடிந்ததெல்லாம், நிலுவையில் உள்ள வட்டி எவ்வளவு, தவணை எந்த மாதத்திலிருந்து, மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்ததுதான். அந்தத் தாள் இருந்ததால், முதல் சம்பளம் வந்தபோது எவ்வளவைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நோட்டின் இரண்டாவது பக்கத்தில் முதல் வரி அப்பாயியின் கண். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அம்மாவுக்கு வீட்டு வேலை, அப்பாவுக்கு வயல் வேலை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போன காரியம் அது. ஆகஸ்டு இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரைத் தஞ்சாவூருக்குப் பேருந்தில் அழைத்துப்போனேன். இரத்த அழுத்தம், சர்க்கரை என்று பார்த்து, தேதி கொடுத்து, ஒரு கண்ணுக்கு அறுவை நடந்து வீடு திரும்புவதற்குள் ஐந்து முறை போய்வர வேண்டியிருந்தது. ஐந்தும் வேலை நாட்கள். அதன்பிறகு சொட்டு மருந்து: முதலில் நாளுக்கு ஆறு வேளை, பிறகு ஐந்து, நான்கு என்று வாரம்தோறும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நேரம் தவறாமல் ஊற்றுவதற்காக என் கைப்பேசியில் மணி வைத்தேன். அந்த மணியே என் நாளைக் கட்டி நிறுத்தியது. காலை ஆறு மணிச் சொட்டுக்காக எழுந்த நான் பிறகு திரும்பப் படுக்கவில்லை.

மருத்துவமனைப் பதிவுச் சீட்டுக்கு வயது கேட்டார்கள். அப்பாயியிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. "ஐம்பத்திரண்டு புயலுக்கு நான் எங்க ஆத்தா இடுப்புல" என்றார். 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினம் அருகே கரை கடந்து தஞ்சை மாவட்டத்தையே சாய்த்துப்போட்ட புயல் அது. அறுவைக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த நாட்களில், தோப்பெல்லாம் விழுந்து கிடந்ததாக அவருடைய அம்மா சொன்னதையும், பிற்பாடு தாம் நடவுக்குப் போன காலத்தையும், தாத்தா தம்மைப் பெண் பார்க்க மாட்டு வண்டியில் வந்ததையும் அவர் சொல்லச் சொல்ல, கைப்பேசியில் பதிவு செய்தேன். மொத்தம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரப் பதிவு என்னிடம் இருக்கிறது. கேள்வி கேட்டுப் பதிவு செய்ய உட்கார்ந்தால் பெரியவர்கள் பேசமாட்டார்கள். நாமும் சும்மா உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும்போதுதான் பேச்சு தானாக வரும். அந்தச் சும்மா உட்காரும் பகல் இன்று எனக்கு எங்கே கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பட்டா விஷயம் இதைவிடக் கடினமானது. எங்கள் நிலம் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. அப்பா தம் ஒருவர் பெயருக்கு மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தார். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனபோது, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகள்களுக்கும் சமமான பங்கு உண்டு, முதலில் எல்லாப் பெயரும் உள்ள வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள் என்றார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. என் இரண்டு அத்தைகளும் ஒருபோதும் பங்கு கேட்டதில்லை. கேட்காததால் நாங்களும் பேசியதில்லை. அன்றிரவு அப்பா நெடுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பாயிதான் முடிவாகச் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக பேரும் சேத்தே எழுது. நாளைக்கு உன் மவளுக்கும் இதே கதிதான் ஆகும்." அத்தைகளுக்கு நானே தொலைபேசியில் பேசினேன், ஆதார் நகல் வாங்க மன்னார்குடிக்கும் பாபநாசத்துக்கும் போனேன். இரு வீட்டிலும் சாப்பிடவைத்துத்தான் விட்டார்கள். விண்ணப்பம், விசாரணை, கையெழுத்து என்று அது நீண்டுகொண்டே போய், நான் சென்னைக்குப் போன பிறகு மார்ச் மாதத்தில்தான் கூட்டுப் பட்டா வந்தது. ஆனாலும் தொடங்கிவைக்க ஒருவர் தேவைப்பட்டார்; படித்த, பகலில் நேரம் உள்ள ஒருவர். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு காரியம் யாராவது வருவார்கள் என்று காத்துக்கிடக்கிறது.

செப்டம்பர் கடைசியில் குறுவை அறுவடை. ஆடுதுறை 43 போட்டிருந்தோம், நூற்றுப் பத்து நாள் பயிர். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே புதிய விலையில் கொள்முதல் தொடங்கியிருந்தது. சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,160 ரூபாய். ஆனால் நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் மட்டும் பணம் வந்துவிடாது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நிலத்துக்கான சிட்டா, பயிருக்கான அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் வேண்டும். எங்கள் தெருவில் ஆறு பேருக்கு நான் பதிவு செய்து கொடுத்தேன். அதில் இரண்டு பேருக்கு வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் வேறாக இருந்தன. எதை எங்கே திருத்த வேண்டும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள் என்பதால், மேகம் கூடினால் தார்ப்பாயை இழுத்து மூடுவதும், வெயில் வந்தால் விரித்துக் கிளறுவதுமாக நிலையத்தின் களத்தில் நான்கு பகல், மூன்று இரவு அப்பாவோடு மாறி மாறிக் காவல் இருந்தேன். இருபத்தொரு ஆண்டுகள் அந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். அது பணமாக மாறுகிற இடத்தை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அப்பா ஒரு வேலையைச் செய்யும்போது எத்தனை கணக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார் என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. வேலைக்குப் போகுமுன் பெற்றோரின் வேலையில் ஒரு பருவம் முழுவதும் கூட இருந்து பாருங்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். அது வயலாக இருந்தாலும், மளிகைக் கடையாக இருந்தாலும், தையல் இயந்திரமாக இருந்தாலும்.

மாலை ஐந்து மணிக்கு மேல், எங்கள் தெரு முனையில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திய அக்காவுக்கு உதவியாகப் போனேன். கொரோனாவில் விட்டுப்போன பாடங்களுக்காக 2021-இல் அரசு தொடங்கிய திட்டம் அது. அக்கா மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்க முயன்றபோதுதான், எனக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவருக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு வராது என்பது புரிந்தது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துச் சொன்னபோது அவளுக்கு விளங்கியது. அலுவலகத்தில் முதல் மாதத்திலேயே, எழுதிய நிரலை மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னார்கள். எனக்குப் பயமில்லாமல் இருந்ததற்கு அந்தப் பிள்ளைகளே காரணம்.

பாடம் படிப்பதை நான் இரவுக்கு ஒதுக்கினேன். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் தளத்தில் ஜாவா நிரலாக்கம் குறித்த பன்னிரண்டு வாரப் பாடத்தை இலவசமாகக் கற்றேன். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய். நாளுக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. 15,000 ரூபாய்ப் பயிற்சியைவிட இதில் நான் கற்றது பல மடங்கு. இரு சக்கர வாகன உரிமமும் இந்தக் காலத்தில் வாங்கியதுதான்: எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு மைதானத்தில் நின்று எட்டுப் போட்டுக் காட்டினேன். அதிகம் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒரே ஒரு பயணம் போனேன், கல்லூரித் தோழிகள் இருவரோடு தரங்கம்பாடிக்கு, ஒரு வியாழக்கிழமை. 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டையின் மதிலில் எங்களைத் தவிர யாருமே இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது கிடைக்காது.

டிசம்பரில் தேதி உறுதியானது. அதன்பிறகு நான் செய்தவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும். முதலாவது சமையல். வகை வகையாகக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மாவிடம் சாதம், ரசம், ஒரு பருப்புக் குழம்பு, ஒரு பொரியல், தோசைக்கு மாவு கரைக்கும் அளவு ஆகியவற்றை மட்டும் கேட்டுக்கொண்டு, அம்மா சமையலறைக்குள் வராமல் நானே தொடர்ந்து இரண்டு வாரம் வீட்டுக்கே சமைத்துப் பழகினேன். இரண்டாவது, சேர்வதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு வேலை நாளில் சென்னைக்குப் போய், பார்த்து வைத்திருந்த மகளிர் விடுதியிலிருந்து அலுவலகம்வரை காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் இருபத்தைந்து நிமிடம் காட்டிய தூரத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது; அன்றே வேறு விடுதி பார்த்தேன். விடுதிக்கு முன்பணம், முதல் மாத வாடகை, சாப்பாடு, பேருந்து என்று முதல் சம்பளம் வருவதற்குள் எனக்கு 19,000 ரூபாய் செலவானது. மாதத் தொடக்கத்தில் சேராதவர்களுக்கு முதல் மாதம் முழுச் சம்பளம் வராது என்பதால், இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவது நிம்மதி.

மூன்றாவது, பணி ஒப்பந்தம். இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றும், அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் அதில் இருந்தது. பதினொரு பக்க ஆங்கிலத்தை நான் வரி வரியாகப் படித்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்லி, எங்களுக்குப் புரியாத இரண்டு இடங்களைத் திருவையாற்றில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அப்பா பேனாவைத் தொட்டார். தாம் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து அவர் போட்ட முதல் கையெழுத்து அது என்று பிறகு சொன்னார். அசல் சான்றிதழ்களைப் பொறுத்தவரை, சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். வாங்கி வைத்துக்கொள்வோம் என்று கேட்கும் இடங்களும் இருக்கின்றன.

புறப்படுவதற்கு முன் அந்த நோட்டையும், வீட்டு ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் வைத்த ஒரு நீலக் கோப்பையும் அம்மாவிடம் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று ஒரு முழுப் பகல் உட்கார்ந்து காட்டினேன். குறுவைக்கு அடுத்து நட்ட தாளடிப் பயிருக்கு நவம்பர் மாதமே பயிர்க் காப்பீடு செய்திருந்த ரசீதும் அதில் இருந்தது. அப்பாயியின் இரண்டாவது கண் மட்டும் நோட்டில் அடிக்கப்படாமல் நின்றது.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், பிப்ரவரி தொடக்கத்தில், டெல்டாவில் பருவம் தப்பிய மழை பெய்து, அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்தது. எங்கள் தாளடியும் தண்ணீரில் படுத்தது. பாதிப்பைக் கணக்கெடுக்க அலுவலர்கள் ஊருக்கு வந்தது ஒரு வேலை நாளில், பகல் பன்னிரண்டு மணிக்கு. நான் பயிற்சி வகுப்பில் இருந்தேன். கைப்பேசியைப் பையில் வைத்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு விடுதி மாடியில் நின்று அழைத்தபோது அம்மா எடுத்தார். அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது எல்லாவற்றையும் கேட்டார்கள் என்றும், பக்கத்து வீட்டார் தேடிக்கொண்டிருந்தபோது தாம் நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு வரப்பிலேயே போய் நின்று கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு, "அப்பாயிய வர்ற செவ்வாக்கெழமை நானே தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போறேன், சொட்டு மருந்துக்கு எத்தனை மணிக்கு மணி வெக்கணும்னு சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார்.